நாலு பேரையும் சேர்த்துத்தான்

பதிவு கொஞ்சம் நீளம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நேரம் இருக்கும்போது படியுங்கள். முழுக்கப் படிக்க முடியாதவர்கள் கடைசிப் பகுதியை மட்டுமாவது படித்துவிடுங்கள். அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

போன மாதம் மகள் குடும்பத்தோடு அமெரிக்காவிலிருந்து வந்திருந்தாள். பேத்திக்கு எட்டு வயது. தமிழ் நன்றாகப் பேசுவாள், படிப்பது ஆங்கிலத்தில். தினம் மதியம் ஊஞ்சலில் உட்கார்ந்து ஒரு கதைப் புத்தகத்தை எனக்கு வாசித்துக் காட்டுவாள். தாய் தகப்பனை இழந்த நாலு பிள்ளைகளின் கதை. ஒரு ராத்திரி அவர்கள் ஒரு ரொட்டிக் கடையில் தங்க இடம் கேட்கிறார்கள். பாத்திரம் கழுவித் தருகிறோம், பெஞ்சில் படுத்துக்கொள்கிறோம் என்கிறார்கள். நடு ராத்திரியில் கடைக்காரரின் மனைவி பேசுவது காதில் விழுகிறது. பெரிய பிள்ளைகள் மூவரையும் வேலைக்கு வைத்துக்கொள்ளலாம், கடைக்குட்டியை மட்டும் அனாதை இல்லத்துக்கு அனுப்பிவிடலாம் என்கிறாள். மூத்தவர்கள் தூங்குகிற சின்னவனைத் தூக்கிக்கொண்டு இருட்டில் வெளியேறுகிறார்கள்.

அந்த இடத்தில் பேத்தி நிறுத்தினாள். "ஏன் பாட்டி பிரிக்கணும்? நாலு பேரையும் சேர்த்தே வெச்சுக்கலாம்ல?" என்றாள்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. அந்தக் கடைக்காரரின் மனைவி சொன்ன மாதிரி ஒரு யோசனையை 1989இல் நானே ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதைக் கடைசியில் சொல்கிறேன். என்னைத்தான் உங்களுக்குத் தெரியுமே, சரித்திரத்தைச் சொல்லாமல் எதற்கும் போகமாட்டேன்.

பேத்தி வாசித்த புத்தகத்தின் பெயர் "தி பாக்ஸ்கார் சில்ட்ரன்". பாக்ஸ்கார் என்றால் நாம் கூட்ஸ் வண்டியில் பார்க்கிற மூடிய சரக்குப் பெட்டி. ரொட்டிக் கடையிலிருந்து தப்பிய பிள்ளைகள் காட்டுக்குள் கைவிடப்பட்டுக் கிடக்கிற அப்படி ஒரு பெட்டியைக் கண்டுபிடித்து வீடாக்கிக்கொள்கிறார்கள். மூத்தவன் ஹென்றி, அடுத்தவள் ஜெஸ்ஸி, பிறகு வயலட், கடைசியில் பென்னி. குப்பை மேட்டில் பொறுக்கிய பீங்கான் கோப்பைகளும் தட்டுகளும்தான் சமையல் சாமான். அருவித் தண்ணீர் விழுகிற பாறை இடுக்கில் பாலை வைத்துக் கெடாமல் பார்த்துக்கொள்கிறார்கள். ஹென்றி பக்கத்து ஊர் டாக்டர் வீட்டில் கூலி வேலை செய்கிறான். ஜெஸ்ஸி தம்பிக்குப் படிக்கக் கற்றுக்கொடுக்கிறாள். அவர்களுக்கு ஒரு தாத்தா இருக்கிறார். அவர் பொல்லாதவர் என்று நம்பி, அவர் கையில் சிக்காமல் இருக்கத்தான் ஒளிந்து வாழ்கிறார்கள்.

இதை எழுதியவர் கெர்ட்ரூட் சாண்ட்லர் வார்னர். 1890இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் புட்னம் என்ற சிறு ஊரில் பிறந்தார். வீட்டுக்கு எதிரே ரயில் நிலையம். உடல்நலக் குறைவால் உயர்நிலைப் பள்ளிப் படிப்பைக்கூட முடிக்க முடியாதவர். முதல் உலகப் போர்க் காலத்தில் ஆசிரியர் பற்றாக்குறை வந்தபோது, 1918இல், உள்ளூர்ப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு எடுக்கக் கூப்பிட்டார்கள். போனவர் 1950 வரை, 32 வருஷம், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடேயே இருந்துவிட்டார். இதைப் படித்ததும் எனக்கு அந்த அம்மாளிடம் ஒரு தனிப் பிரியம் வந்துவிட்டது.

ஒருமுறை நோய்வாய்ப்பட்டு வீட்டில் இருந்தபோது, தனக்குப் பிடித்ததை எழுதிப் பார்ப்போம் என்று ஆரம்பித்தார். ரயில் பெட்டி ஒன்றில் குடியிருக்க வேண்டும் என்பது அவருடைய சின்ன வயது ஆசை. புத்தகம் முதலில் 1924இல் வந்தது. அதில் குடிகாரத் தகப்பன் ஒருவர் ஆரம்பத்திலேயே வந்து செத்தும் போகிறார். பிறகு வார்னர் அதைத் தன் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஏற்ற மாதிரித் திருத்தினார். படிக்கத் திணறுகிற பிள்ளைகளும், வீட்டில் ஆங்கிலம் பேசாத பிள்ளைகளும் படிக்க வேண்டும் என்று சுமார் 600 சொற்களை வைத்தே முழுக் கதையையும் மறுபடி எழுதினார். 1942இல் வந்த அந்தப் பதிப்புதான் இன்றும் உலகமெங்கும் படிக்கப்படுகிறது. என் பேத்தி கையில் இருந்ததும் அதுதான்.

புத்தகம் வந்தபோது நூலகர்கள் சிலர் முகம் சுளித்தார்களாம். பெரியவர்களின் மேற்பார்வை இல்லாமல் பிள்ளைகள் இவ்வளவு சந்தோஷமாக இருக்கலாமா என்று. அதனால்தான் பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது என்று வார்னர் பதில் சொன்னார். அவர் சொன்னது சரிதான். ஆனால் எனக்கு இன்னொன்றும் படுகிறது. அந்தப் பிள்ளைகள் பசிக்குப் பயப்படவில்லை, இருட்டுக்குப் பயப்படவில்லை. பிரித்துவிடுவார்களோ என்ற பயம்தான் அவர்களைக் காட்டுக்குள் துரத்துகிறது. அது வெறும் கற்பனைப் பயமா? இல்லை. அந்த நாட்டின் சரித்திரத்தில் அதற்குப் பெரிய காரணம் இருக்கிறது.

1850களின் நியூயார்க்கை நினைத்துப் பாருங்கள். அயர்லாந்துப் பஞ்சத்துக்குத் தப்பியவர்களும் ஜெர்மனியிலிருந்து பிழைக்க வந்தவர்களும் கப்பல் கப்பலாக வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். இருட்டு அறைகளில் பத்துப் பேர் குடியிருப்பார்கள். காலரா வரும், வேலையில் விபத்து வரும், குடி வரும். தாயோ தகப்பனோ செத்தால் பிள்ளைகள் தெருவுக்கு வந்துவிடுவார்கள். செய்தித்தாள் விற்றும், தீப்பெட்டி விற்றும், நடைபாதையில் படுத்தும் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வளர்ந்தார்கள். பிடிபட்டவர்களைப் பெரியவர்களோடு சேர்த்துச் சிறையில் அடைத்த காலம் அது.

சார்ல்ஸ் லோரிங் பிரேஸ் என்ற இளம் பாதிரியார் 1853இல் "சில்ட்ரன்ஸ் எய்ட் சொசைட்டி" என்ற சங்கத்தைத் தொடங்கினார். அவருடைய எண்ணம் அந்தக் காலத்துக்குப் புதிது. பெரிய கட்டடத்தில் நூற்றுக்கணக்கில் பிள்ளைகளைப் போட்டு மணியடித்துச் சோறு போடுவது வளர்ப்பு ஆகாது, பிள்ளைக்குக் குடும்பம் வேண்டும் என்றார். மேற்கே பண்ணைகளில் வேலைக்கு ஆள் தேவை. இங்கே பிள்ளைகளுக்கு வீடு தேவை. இரண்டையும் ரயில் இணைத்தது.

1854இல் முதல் கூட்டம் மிச்சிகன் மாநிலத்தின் டொவாஜியாக் என்ற சிற்றூருக்குப் போனது. சுமார் 45 பிள்ளைகள். அப்போது ஆரம்பித்த பயணங்கள் 1929 வரை, முக்கால் நூற்றாண்டு நடந்தன. மொத்தம் சுமார் 2,00,000 பிள்ளைகள் போயிருப்பார்கள் என்று கணக்குச் சொல்கிறார்கள். பிற்காலத்தில் அவற்றுக்கு "அனாதை ரயில்கள்" என்று பெயர் வந்தது. பெயர்தான் அப்படி. ஏறியவர்களில் ஏராளமானவர்களுக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தார்கள். வறுமைதான் அவர்களை ரயிலேற்றியது.

அது எப்படி நடந்தது என்றும் சொல்கிறேன். வீடு தேடும் பிள்ளைகள் வருகிறார்கள் என்று முன்கூட்டியே ஊரில் நோட்டீஸ் ஒட்டுவார்கள். ஊர்ப் பெரிய மனிதர்கள் சேர்ந்து ஒரு குழு அமைப்பார்கள். ரயில் வந்ததும் பிள்ளைகளைக் குளிப்பாட்டி, புதுத் துணி உடுத்தி, தேவாலயத்திலோ நாடகக் கொட்டகையிலோ வரிசையாக நிற்க வைப்பார்கள். விவசாயிகள் வந்து பார்ப்பார்கள். சிலர் பையன்களின் புஜத்தை அமுக்கிப் பார்ப்பார்களாம். நம் ஊர் மாட்டுச் சந்தையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. யாரும் எடுக்காதவர்கள் மறுபடி ரயிலேறி அடுத்த ஊருக்குப் போவார்கள்.

இந்த இடத்தில்தான் அண்ணன் தம்பி, அக்கா தங்கை கதை வருகிறது. உழுவதற்குப் பையன் தேடி வந்தவருக்கு ஒரு பையன் போதும். பிள்ளை இல்லாத தம்பதிக்குக் கைக்குழந்தை வேண்டும். வீட்டு வேலைக்குப் பெண் பிள்ளை தேடி வந்தவருக்கு அவள் தம்பி எதற்கு? நாலு பேரையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போகிற வீடு அபூர்வம். அதனால் அண்ணன் ஒரு ஊரில் இறங்குவான், தங்கை மூன்று ஸ்டேஷன் தள்ளி இறங்குவாள். புது வீட்டில் புதுப் பெயர் வைப்பார்கள். பழசை மறந்துவிடு என்பார்கள். கூடப் பிறந்தவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியாமலேயே பலர் கிழவர்களானார்கள். 1980களில் அவர்களுக்கென்று ஒரு சங்கம் உண்டானபோது, எழுபது எண்பது வயதில் வந்து தம்பியைத் தேடினவர்கள் உண்டு.

சரித்திரம் படிக்கும்போது ஒரு பக்கத்தை மட்டும் பார்க்கக்கூடாது என்று உங்களுக்கு வகுப்பில் சொல்லியிருக்கிறேன். பிரேஸ் கெட்டவர் இல்லை. அந்த ரயில்களில் போய் நல்ல வீடு கிடைத்து நன்றாக வாழ்ந்தவர்களும் ஏராளம். 1859இல் ஒரே ரயிலில் போன இரண்டு பையன்கள் பிற்காலத்தில் கவர்னர்களே ஆனார்கள். ஆண்ட்ரூ பர்க் வடக்கு டக்கோட்டாவுக்கு, ஜான் பிரேடி அலாஸ்காவுக்கு. இன்றைக்கு வளர்ப்புக் குடும்பம் என்று நாம் சொல்கிற ஏற்பாட்டுக்கு வித்திட்டவர்களில் பிரேஸும் ஒருவர். சோறு, துணி, கூரை, பள்ளிக்கூடம் என்று எல்லாவற்றையும் அவர் யோசித்தார். கூடப் பிறந்தவன் கை கோத்து நிற்கிறானே, அந்தக் கையை மட்டும் அவருடைய ஏற்பாடு கணக்கில் எடுக்கவில்லை.

மெல்ல மெல்லத்தான் எண்ணம் மாறியது. 1909 ஜனவரியில் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் ஆதரவற்ற பிள்ளைகளைப் பற்றி வெள்ளை மாளிகையில் ஒரு மாநாடு கூட்டினார். வறுமை என்ற ஒரே காரணத்துக்காகப் பிள்ளையை வீட்டிலிருந்து எடுக்கக் கூடாது என்று அந்த மாநாடு சொன்னது. 1911இல் இல்லினாய் மாநிலம் ஆதரவற்ற தாய்மார்களுக்கு உதவித்தொகை தரச் சட்டம் போட்டது. பத்தாண்டுக்குள் பெரும்பாலான மாநிலங்கள் அதே வழிக்கு வந்தன. 1935இல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்து நாடு முழுக்க அந்த உதவியைப் பரப்பியது. ரயில்கள் நின்றதற்கு 1935க்கு முன்பு வந்த இந்த மாற்றங்களும் காரணம். தாயிடமிருந்து பிள்ளையைப் பிரிக்காதே என்ற அளவுக்கு அரசாங்கம் வந்துவிட்டது. தம்பியிடமிருந்து அக்காவைப் பிரிக்காதே என்பதற்கு இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின.

ஆனால் கதைகள் அதற்கு முன்பே சொல்லிவிட்டன. வார்னரின் 1942 புத்தகம் அதைத்தான் சொல்கிறது. அடுத்த தலைமுறையில் இன்னொருவர் அதை இன்னும் அழுத்திச் சொன்னார். அவர் சிந்தியா வாய்ட். அவரும் ஆசிரியைதான். மேரிலாண்ட் மாநிலத்தின் அனாபொலிஸ் ஊரில் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர். ஒரு கடை வாசலில் கார் நிறையப் பிள்ளைகள் யாருக்காகவோ காத்திருந்ததைப் பார்த்தார். கூட்டிப்போக யாருமே வரவில்லை என்றால் இந்தப் பிள்ளைகள் என்ன செய்யும் என்று யோசித்தார். அந்த யோசனை 1981இல் "ஹோம்கமிங்" என்ற நாவலாக வந்தது.

அதிலும் நாலு பிள்ளைகள்தான். மூத்தவள் டைசிக்கு 13 வயது. தம்பி ஜேம்ஸ், தங்கை மேபெத், கடைக்குட்டி சாமி. அம்மா கடைவீதி வாசலில் காரை நிறுத்தி, அக்கா பேச்சைக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போகிறாள். திரும்பி வரவே இல்லை. மனநோய் முற்றியவள் அவள் என்பது பிறகு தெரிகிறது. டைசி போலீஸிடம் போகாததற்கு ஒரே காரணம், நாலு பேரையும் நாலு இடத்தில் போட்டுவிடுவார்கள் என்பது. கனெக்டிகட் மாநில நெடுஞ்சாலையில் தம்பி தங்கைகளை நடத்தியே கூட்டிப் போகிறாள். பார்த்தே இராத ஒரு சின்னப் பாட்டியின் வீட்டை நோக்கி.

போய்ச் சேர்ந்தால் அந்தப் பாட்டி செத்துவிட்டிருக்கிறார். அவர் மகள் யூனிஸ் இருக்கிறாள். நல்ல பெண்தான். படுக்க இடம் கொடுக்கிறாள், சாப்பாடு போடுகிறாள், கடமையாக நினைத்துச் செய்கிறாள். ஆனால் கொஞ்ச நாளில், சாமி முரடன், அவனை வேறு வீட்டுக்கு அனுப்பலாம், மேபெத் மந்தமாக இருக்கிறாள், அவளுக்கு வேறு ஏற்பாடு செய்யலாம் என்று பேச்சு வருகிறது. டைசி மறுபடியும் கிளம்புகிறாள். இந்த முறை மேரிலாண்டில் கடலோரக் கிராமத்துக்கு, அம்மாவைப் பெற்ற பாட்டியிடம். பிள்ளைகளோடெல்லாம் சண்டை போட்டுவிட்டு, ஊரோடு ஒட்டாமல், பாழடைந்த பண்ணையில் தனியாக வாழ்கிற கிழவி. உங்களை வைத்துக்கொள்ள முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்கிறாள். பிள்ளைகள் தோட்டத்தைச் சுத்தம் செய்கிற சாக்கில் ஒரு நாள், இன்னொரு நாள் என்று தங்குகிறார்கள். கடைசியில் அந்தக் கிழவிதான் நாலு பேரையும் சேர்த்து வைத்துக்கொள்கிறாள். தொடர்ச்சியாக வந்த "டைசிஸ் சாங்" 1983இல் நியூபெரி பதக்கம் பெற்றது. சிறுவர் இலக்கியத்துக்கு அந்த நாட்டில் தரும் பெரிய விருது அது. அதில் பாட்டி சட்டப்படி தத்தெடுக்கிறாள். பிள்ளைகளை வளர்க்கக் காசு போதவில்லை என்று, வீம்பை விட்டு, அரசாங்க உதவிக்கும் மனுப் போடுகிறாள். அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இரண்டு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் புது வீடு என்று கடைசியில் கிடைப்பது இதுவரை பழகாத, பயப்பட்ட, ஒதுக்கி வைத்த ஒரு தாத்தாவோ பாட்டியோதான். வார்னரின் கதையில் தாத்தா பேரப்பிள்ளைகளைக் கண்டுபிடித்துத் தருபவருக்கு 5,000 டாலர் என்று அறிவித்திருக்கிறார். டாக்டருக்கு அது தெரியும், பிள்ளைகள் யார் என்றும் தெரியும். ஆனாலும் அவர் உடனே பிடித்துக் கொடுக்கவில்லை. வயலட்டுக்கு உடம்பு சரியில்லாமல் போய் எல்லாரும் டாக்டர் வீட்டுக்கு வந்த பிறகுதான் தாத்தா வருகிறார். அப்போதும் யார் என்று சொல்லாமல், வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி பழகுகிறார். பிள்ளைகளுக்கு அவரைப் பிடித்துப்போன பிறகே உண்மை தெரிகிறது. பெரியவர்கள் உறவு சொல்லி உரிமை கேட்கவில்லை. பிள்ளைகளின் நம்பிக்கையைச் சம்பாதித்த பிறகே கூட்டிப் போகிறார்கள். கூட்டிப் போனதும் தாத்தா அந்தச் சரக்குப் பெட்டியையும் தூக்கிவந்து தன் தோட்டத்தில் வைக்கிறார். அவர்கள் தாங்களாகக் கட்டிய வீட்டை அவர் மதிக்கிறார்.

முப்பது வருஷம் ஒன்றாம் வகுப்பு எடுத்தவருக்கு இது தெரியாமல் இருக்குமா? வகுப்பில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று தினம் தினம் பார்த்த கண் அது.

அமெரிக்கச் சட்டம் எப்போது இதற்கு வந்தது தெரியுமா? 2008இல். கூடப் பிறந்தவர்களை ஒரே வீட்டில் வைக்க நியாயமான முயற்சி எல்லாம் எடுக்க வேண்டும், முடியாவிட்டால் அடிக்கடி சந்திக்கவாவது வைக்க வேண்டும், பிள்ளையை எடுத்தால் தாத்தா பாட்டி உட்பட நெருங்கிய சொந்தங்களுக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று அந்த ஆண்டுதான் மத்திய சட்டம் சொன்னது. 2009இல் ஐக்கிய நாடுகள் சபை இதே கருத்தை உலகத்துக்கே வழிகாட்டுதலாக வைத்தது. நம் நாட்டில் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 39ஆம் பிரிவில், உடன்பிறந்தவர்களைச் சேர்த்து வைக்க எல்லா முயற்சியும் எடுக்க வேண்டும் என்கிறது. பிரிப்பதுதான் பிள்ளைக்கு நல்லது என்கிற நிலை இருந்தால் மட்டும் விலக்கு. கதைப் புத்தகத்தில் ஐந்தாறு வயதுப் பையனுக்காக அண்ணனும் அக்காக்களும் கேட்டது சட்டப் புத்தகத்தில் ஏற அறுபது எழுபது வருஷம் ஆகியிருக்கிறது.

இனி என் கதை.

1989. அப்போது நான் வேலை பார்த்த ஊரையும் பள்ளியையும் சொல்ல வேண்டாம். ஏழாம் வகுப்பில் ஒரு பெண். அவள் தம்பி பக்கத்துத் தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். அப்பா வேலைக்கென்று வடக்கே போனவர். மணியார்டர் நின்றது, பிறகு கடிதமும் நின்றது. நாலு மாதம் அந்த இரண்டு பிள்ளைகளும் தனியாகவே குடித்தனம் செய்திருக்கின்றன. கேட்டவர்களிடம் அப்பா சனிக்கிழமை வருகிறார் என்று சொல்லிச் சமாளித்திருக்கின்றன. சத்துணவில் பாதியை அந்தப் பெண் ஒரு டப்பாவில் எடுத்து வைப்பதைப் பார்த்துத்தான் நான் விசாரித்தேன். ராத்திரிக்கு என்றாள்.

தலைமையாசிரியர் அறையில் கூடிப் பேசினோம். பக்கத்து டவுனில் டீக்கடை வைத்திருந்த தாய்மாமன் வந்தார். அவருக்குப் பையன் இல்லை. தம்பியை வைத்துக்கொள்கிறேன் என்றார். வயசுக்கு வரப்போகிற பெண், பொறுப்பு எடுக்க முடியாது என்றார். அவளை வேறு ஊரில் ஒரு விடுதியில் சேர்க்கலாம் என்று முடிவாயிற்று. வகுப்பாசிரியை கடிதம் வேண்டும் என்றார்கள். பையனுக்குத் தாய்மாமன் வீடு, பெண்ணுக்கு விடுதி, இதுவே பாதுகாப்பு என்று முத்து முத்தான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன். நல்ல காரியம் செய்துவிட்டதாக அன்றைக்கு ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன். அதுதான் இப்போது உறுத்துகிறது.

கிளம்புகிற அன்று அவள் என்னிடம் வந்தாள். "டீச்சர், வெளக்க அணைச்சா தம்பி அழுவான். மாமா வீட்டுல யாருகிட்ட சொல்றது?" என்று கேட்டாள். "எல்லாம் பழகிடும்மா" என்றேன்.

பதினோரு மாதம் கழித்து, பங்குனி வெயிலில், புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு கிழவி மஞ்சள் பையில் வேர்க்கடலையோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தார். பிள்ளைகளின் அப்பாயி. மகன் தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டான் என்று பேச்சு வார்த்தை இல்லாமல் இருந்தவர். ஊர்க்காரர் ஒருவர் சொல்லித்தான் சேதி தெரிந்திருக்கிறது. "நான் ஒருத்தி இருக்கேனே, யாராச்சும் ஒரு வார்த்தை கேட்டீங்களா? ரெண்டையும் எங்கிட்ட விட்டிருக்கலாமே" என்றார். என்னிடம் பதில் இல்லை. நாங்கள் யாருமே கேட்கவில்லை. சண்டைக்காரி, வைத்துக்கொள்ள மாட்டாள் என்று நாங்களாகவே முடிவு செய்துவிட்டோம்.

அந்த அப்பாயியோடு விடுதிக்கும் டவுனுக்கும் நான் அலைந்தேன். அது ஒன்றுதான் நான் சரியாகச் செய்தது. இரண்டு பிள்ளைகளும் அவரிடம் போய்ச் சேர்ந்தார்கள். முதல் சில நாள் தம்பி அக்காவிடம் பேசவே இல்லையாம். அவளாகத்தான் தன்னை விட்டுவிட்டுப் போனாள் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

இந்தப் பதிவை எழுதுவதற்கு முன் அந்த அக்காவுக்குப் போன் செய்தேன். இப்போது அவளுக்கே கல்லூரி போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். எழுதட்டுமா என்று கேட்டேன். "ஊர் பேர் இல்லாம எழுதுங்க டீச்சர்" என்றாள். அந்தப் பதினோரு மாதம் எப்படி இருந்தது என்று முதன்முறையாகக் கேட்டேன். "விடுதில ஒண்ணும் குறையில்ல டீச்சர். மூணு வேளையும் சோறு போட்டாங்க. தம்பி சாப்பிட்டானா இல்லையான்னு தெரியாம அது எனக்கு எறங்கல" என்றாள். அதை அவள் வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. நான்தான் போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

என் மாணவர்களில் ஆசிரியர்கள் இருக்கிறீர்கள். கிராம நிர்வாக அலுவலர்கள், போலீஸ்காரர்கள், நர்ஸுகள், அங்கன்வாடிப் பணியாளர்கள் இருக்கிறீர்கள். இப்படி ஒரு நாள் உங்களுக்கும் வரும். அறையில் பெரியவர்கள் உட்கார்ந்திருப்பார்கள், வெளியே பிள்ளைகள் நின்றுகொண்டிருக்கும், உங்களிடம் ஒரு கையெழுத்து கேட்பார்கள். மூன்று காரியம் செய்யுங்கள். முதலில், பேச்சு வார்த்தை இல்லாத சொந்தம் உட்பட எல்லா உறவையும் விசாரியுங்கள். யார் வைத்துக்கொள்ள மாட்டார்கள் என்று நீங்களாகத் தீர்மானிக்காதீர்கள். இரண்டாவது, பிரிக்கத்தான் வேண்டுமா என்று சத்தமாகக் கேளுங்கள். சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. மூன்றாவது, வெளியே நிற்கிற பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டு, உட்கார வைத்து, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். 1098 என்ற எண் குழந்தைகளுக்கான உதவி எண், ராத்திரி பகல் எப்போதும் எடுப்பார்கள். போனில் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பேத்தி கேட்ட கேள்விக்கு அன்று சாயங்காலம் இந்தக் கதையைத்தான் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அந்தத் தம்பி இப்ப வெளக்க அணைச்சுட்டுத் தூங்குறாரா பாட்டி?" என்றாள். அடுத்த முறை பேசும்போது விசாரித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.

உங்களுக்கும் இப்படி ஏதாவது அனுபவம் இருந்தால் எழுதுங்கள். பேர், ஊர் போட வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் சரித்திர டீச்சர்